களிமண் வட்டமும் கருவறைக் கதவும்

கல்லிலே கடவுள் குடியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், காலம் மாற மாறப் பேச்சையும் மாற்றிக்கொண்டனர். "கல்லையா கடவுள் என்கிறோம்? இல்லை, இல்லை! அலைபாயும் மனம் ஓரிடத்தில் நிற்க ஓர் அடையாளம் வேண்டாமா? கண் ஒன்றிலே நின்றால் கருத்தும் நிற்கும். அதற்கொரு கருவி அந்த உருவம், அந்தச் சக்கரம், அந்தச் சுடர்" என்று இப்போது கூறுகின்றனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பகுத்தறிவு பேசும் இளைஞர்களிலும் சிலர், இந்த இடத்துக்கு வந்ததும் சற்றே தயங்கி, "இதிலே உண்மை இருக்கும் போலிருக்கிறதே!" என்று எண்ணுவதை நாம் கண்டிருக்கிறோம்.

தயங்க வேண்டியதில்லை. உண்மை இருக்கிறது. ஒரு பொருளை அமைதியாக நோக்கியபடி சிறிது நேரம் அமர்ந்திருப்பவனுக்கு மூச்சு சீராகிறது. இறுகிய தோள் தளர்கிறது. அடுக்கடுக்காக வந்து மோதும் எண்ணங்களின் வேகம் தணிகிறது. இதை மறுக்க நாம் முன்வரவில்லை. கண்ணால் கண்டதை மறுப்பது பகுத்தறிவும் அன்று. நாம் கேட்பது வேறு. அந்த அமைதி எங்கிருந்து வருகிறது? பார்க்கப்படும் பொருளிலிருந்தா, பார்க்கும் மனிதனிடமிருந்தா? பொருளிலிருந்து வருவது என்றால், அதற்குக் கதவும் காவலும் காணிக்கையும் தேவைப்படலாம். மனிதனிடமிருந்தே வருவது என்றால்? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வரலாற்றின் சில வாயில்களைத் தட்டிப் பார்ப்போம்.

முதல் வாயில் இலங்கையிலே, அநுராதபுரத்திலே இருக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த மகாவிகாரையில் அமர்ந்து, புத்தகோசர் என்ற பிக்கு பாலி மொழியில் ஒரு பெருநூல் எழுதினார். விசுத்திமக்கம் என்பது அதன் பெயர். தூய்மை நெறி என்று பொருள். அவர் தமிழகத்துக்கு முற்றும் வேற்றாள் அல்லர். காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைத் தம்முடைய உரைநூல் ஒன்றின் முடிவிலே அவரே குறித்து வைத்திருக்கிறார்.

மனத்தை ஒருமுகப்படுத்த 40 வழிகளை அந்த நூல் விளக்குகிறது. அவற்றுள் முதல் பத்தும் கசிணங்கள்: மண், நீர், நெருப்பு, காற்று, நீலம், மஞ்சள், சிவப்பு, வெண்மை, ஒளி, வரையறுத்த வெளி. பட்டியலை ஒருமுறை மெல்லப் படித்துப் பாருங்கள், நண்பர்களே! நான்கு கைத் தெய்வம் உண்டா? ஆயுதம் தாங்கிய உருவம் உண்டா? புத்தருடைய சிலையாவது உண்டா? இல்லை. உழவன் மிதிக்கும் மண், குயவன் மூட்டும் நெருப்பு, துணியில் தோய்க்கும் நிறம், சுவரிலே விழும் வெளிச்சம், சன்னல் வழியே தெரியும் வெளி! உலகத்தில் எவரும் எவருக்கும் காசு கொடுக்காமல் காணக்கூடியவை.

மண் கசிணத்தைப் பற்றி மட்டும் புத்தகோசர் மிக விரிவாக எழுதுகிறார். அதைப் படிக்கும்போது, சமய நூல் ஒன்றைப் படிக்கிறோம் என்ற நினைவே நமக்கு வருவதில்லை. கைத்தொழில் நூல் ஒன்றைப் படிப்பது போலிருக்கிறது. விடியற்கால வானத்தின் செந்நிறம் கொண்ட களிமண் எடுக்க வேண்டும். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பிரித்துச் சொல்லத்தக்க நிறமுடைய மண் ஆகாது. ஏனெனில் அவை நிறக் கசிணங்களோடு குழப்பத்தை உண்டாக்கும். புல், வேர், கல், மணல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்றாகப் பிசைந்து, ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுடைய வட்டமாக்க வேண்டும். மரக் கரண்டியால் தேய்த்தால் மண்ணின் நிறம் கெட்டுவிடும். ஆகையால் கல்லால் தேய்த்து, முரசின் தோலைப் போலச் சமமாக்க வேண்டும். பிறகு இடத்தைப் பெருக்கி, குளித்து வந்து, வட்டத்திலிருந்து இரண்டரை முழத் தொலைவில் ஒரு தாழ்ந்த இருக்கையில் அமர வேண்டும். ஏன் இரண்டரை முழம்? தேவதையின் கட்டளையா? மந்திர எண்ணா? இல்லை. அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் வட்டம் தெளிவாகத் தெரியாது. நெருங்கி உட்கார்ந்தால் மண்ணின் குறைகள் கண்ணில் படும். உயரத்தில் உட்கார்ந்தால் கழுத்தை வளைக்க வேண்டும். தாழ உட்கார்ந்தால் முழங்கால் நோகும்!

முழங்கால் நோகும் என்று காரணம் எழுதிய ஒரு தியான நூலை 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியில் ஒருவர் எழுதினார் என்பது நமக்கு வியப்பாகவும் இருக்கிறது, மகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

அப்புறம் பார்ப்பது. கண்ணை அகல விரித்தால் களைத்துப் போகும். அளவு மீறிச் சுருக்கினால் உருவம் தெளியாது. கண்ணாடியில் முகம் பார்ப்பவன் எப்படி இயல்பாகப் பார்ப்பானோ அப்படிப் பார்க்கச் சொல்கிறார். "மண், மண்" என்று சொல்லிக்கொள்ளலாம். சிறிது நேரம் திறந்த கண்ணோடு பார். பிறகு மூடிப் பார். நூறு முறையோ, ஆயிரம் முறையோ, அதற்கு மேலுமோ ஆகட்டும். ஒரு நாள், மூடிய கண்ணுக்கும் திறந்த கண்ணுக்கும் அந்த வட்டம் ஒன்று போலவே தெரியும். அதன் பின் அந்த மண்ணுக்கு வேலை இல்லை. பிக்கு எழுந்து தன் குடிலுக்குப் போய்விடலாம். வழியில் நனைந்த காலைக் கழுவுவதிலே கவனம் சிதறாமலிருக்கச் செருப்பும் ஊன்றுகோலும் வைத்துக்கொள் என்று அதற்கும் ஒரு குறிப்பு! குடிலில் அமர்ந்து அந்த மனவட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தால், அதை உடைத்துக்கொண்டு வெளிவருவது போல இன்னொரு வட்டம் தோன்றும். உறையிலிருந்து உருவிய கண்ணாடி போலவும், மேகத்தை விட்டு விலகிய மதியம் போலவும், முன்னதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு தெளிவாக இருக்கும்.

இந்த இடத்தில்தான், தோழர்களே, நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். வேறொரு மதத்துக்காரர் எவராவது இந்தக் கட்டத்துக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஆண்டவன் காட்சி தந்தான்" என்று ஆனந்தக் கூத்தாடியிருப்பார். புத்தகோசர் என்ன சொல்கிறார்? அந்த ஒளி வட்டத்துக்கு நிறமும் இல்லை, வடிவமும் இல்லை. அது வெளியே உள்ள பொருள் அன்று. பயிற்சி பெற்ற மனத்தின் உணர்வில் பிறந்த தோற்றம் மட்டுமே என்கிறார். மனத்திலிருந்து வந்தது, மனத்துக்குத் தெரிகிறது. அவ்வளவே!

களிமண் வட்டத்துக்குப் பூவும் இல்லை, பொங்கலும் இல்லை. அதைச் செய்தவனே அதைப் பார்ப்பவன். இடையிலே ஒருவன் நின்று தட்டு நீட்டவில்லை. நல்ல நண்பனாகிய ஆசிரியன் ஒருவனிடம் முறையைக் கேட்டுக்கொள்வது உண்டு. தச்சனிடம் தச்சு கேட்பது போல. வட்டமே வேண்டாதவர்களும் இருந்தனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டையும் புத்தகோசர் தருகிறார். மல்லகர் என்ற தேரர், உழுது போட்டிருந்த ஒரு வயலைப் பார்த்தார். அந்த உழுத மண்ணே அவருக்குப் போதுமான குறியாகிவிட்டது. நெருப்புக் கசிணத்துக்கு, எரியும் விறகின் முன்னே பாயிலோ தோலிலோ துணியிலோ ஒரு சாண் நான்கு விரல் துளையிட்டுத் தொங்கவிட்டு, அதன் வழியே நடுச்சுடரைப் பார்த்தால் போதும். ஒளிக் கசிணத்துக்கு, பானைக்குள் விளக்கை வைத்து வாயை மூடி, பக்கத்திலே ஓட்டையிட்டுச் சுவரில் ஒளியை விழச் செய்தால் போதும். பானையும் விளக்கும் இல்லாத குடிசை உண்டா?

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே நூலின் பிற்பகுதியில், கசிணத்தில் தேர்ந்தவன் நீர்மேல் நடப்பான், வானில் பறப்பான் என்றெல்லாம் கதை அளக்கப்படுகிறது. முழங்கால் நோவைப் பற்றி அவ்வளவு நேர்மையாக எழுதிய கை, அங்கே வழுக்கிவிட்டது. நாம் புத்தகோசரின் பக்தர்கள் அல்லர். ஆகவே அந்தப் பக்கங்களை அங்கேயே விட்டுவிட்டு மேலே செல்கிறோம்.

அடுத்த வாயில் அடயோகிகளுடையது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அடயோகப் பிரதீபிகை என்ற வடமொழி நூல், திராடகம் என்ற ஒன்றைக் கூறுகிறது. சிறியதொரு பொருளைக் கண்ணீர் வழியும் வரை இமைக்காமல் பார்ப்பதுதான் அது. நூலாசிரியர் அதை எந்த வரிசையில் வைத்திருக்கிறார் தெரியுமா? வயிற்றைக் கழுவுதல், குடலைக் கழுவுதல், மூக்கில் நூல் விட்டு இழுத்தல் முதலிய ஆறு துப்புரவு வேலைகளின் வரிசையில்! கண் நோயையும் சோம்பலையும் போக்கும் என்று மருத்துவப் பயன் கூறிவிட்டு, உடனே, பொற்பேழையைக் காப்பது போல இதை மறைத்துக் காக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறார். கண்ணைக் கழுவும் வேலைக்கு எதற்காக அத்தனை மறைவு? ஆசிரியன் எதையும் கைக்குள் மூடி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது புத்தர் தம் இறுதி நாட்களில் கூறியதாக அவர் வழியினர் போற்றும் செய்தி. திறந்த கைக்கும் பொற்பேழைக்கும் இடையே எத்தனை தூரம்!

பேழை மூடிய பிறகு விலை ஏறுவது இயற்கைதானே? சக்கரங்களும் எந்திரங்களும் அப்படித்தான் வளர்ந்தன. சிறீசக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிய முக்கோணம் நான்கு, கீழ்நோக்கிய முக்கோணம் ஐந்து. இவை ஒன்றையொன்று வெட்டுவதால் 43 சிறு முக்கோணங்கள். சுற்றிலும் எட்டிதழ், பதினாறிதழ்த் தாமரைகள். அவற்றைச் சுற்றிச் சதுரம். கோடுகள் சந்திக்க வேண்டிய இடங்களில் பிசகாமல் சந்திக்கும்படி வரைவது எளிதன்று. முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வரைந்தவனுடைய கணக்கறிவை நாம் கைகூப்பிப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டு அவனுக்கு வந்து சேரவில்லை. செப்புத் தகட்டிலே அதைப் பொறித்து, அதற்கு மந்திரம் ஓதி, ஓதியதற்குக் கூலி வாங்கி, கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டச் சொன்னவனுக்குப் போய்விட்டது!

இது கிழக்கு நாடுகளின் குறை மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஆதோசு மலைத் துறவிகள் தலை கவிழ்ந்து, பார்வையை உடலின் நடுவிலே நிறுத்தி, மூச்சை அடக்கிச் செபித்தனர். தோன்றிய ஒளியைத் தெய்வ ஒளி என்றனர். பர்லாம் என்ற அறிஞர் அவர்களைத் தொப்புளில் ஆன்மாவைத் தேடுகிறவர்கள் என்று ஏளனம் செய்தார். 1341இலும் 1351இலும் கான்சுடாண்டினோப்பிள் நகரில் சமயப் பேரவைகள் கூடி, துறவிகள் பக்கமே தீர்ப்பளித்தன. பர்லாம் நாட்டை விட்டே போனார். பேரவைக்குத் தீர்ப்பு எழுதத் தெரிந்தது. சோதனை செய்து பார்க்கத் தெரியவில்லை.

சோதனை செய்தது எப்போது? 1784இல், பாரிசு நகரில்.

வியன்னாவிலிருந்து 1778இல் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர் மெசுமர் என்ற மருத்துவர். அண்டமெங்கும் ஒரு காந்தப் பாய்மம் நிறைந்திருக்கிறது என்றும், அதைத் தம் கையால் செலுத்தி நோய் தீர்ப்பதாகவும் அவர் கூறினார். பெரிய மரத்தொட்டி, உள்ளே இரும்புத்தூளும் நீர்ப்புட்டிகளும், வெளியே நீட்டிய இரும்புக் கம்பிகள், மங்கிய வெளிச்சம், மெல்லிய இசை. சீமாட்டிகள் வந்தனர்; துடித்தனர்; விழுந்தனர்; எழுந்து நலம் என்றனர். பதினாறாம் லூயி மன்னன் ஓர் ஆய்வுக்குழு அமைத்தான். அதிலே மின்னலை ஆராய்ந்த பிராங்கிளின் இருந்தார். வேதியியலுக்கு அடிகோலிய இலவாசியே இருந்தார். வானியலார் பெய்யி இருந்தார். பிற்காலத்தில் தலைவெட்டும் பொறிக்குப் பெயரைக் கடன் கொடுத்த மருத்துவர் கில்லத்தேனும் இருந்தார். முதுமையாலும் நோயாலும் பிராங்கிளின் நடமாட முடியாமலிருந்ததால், பாசியில் இருந்த அவருடைய வீட்டிலேயே சோதனைகள் பல நடந்தன.

ஒன்றை மட்டும் சொல்கிறோம். தோட்டத்திலிருந்த ஒரு மரத்துக்கு மெசுமரின் சீடர் காந்தம் ஏற்றினார். பிறகு 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, வேறு மரங்களின் அருகே ஒவ்வொன்றாக நிறுத்தினர். முதல் மரத்திலேயே வியர்த்தான். இரண்டாவதில் மயக்கம் என்றான். மூன்றாவதில் அது கூடியது. நான்காவது மரத்தடியில் நினைவிழந்து விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் எங்கோ இருந்தது! அந்தப் பக்கமே அவன் போகவில்லை. குழு எழுதிய முடிவின் சாரம் இது: காந்தமில்லாமல் கற்பனை மட்டும் இருந்தால் எல்லாம் நிகழ்கிறது, கற்பனையில்லாமல் காந்தம் மட்டும் இருந்தால் ஒன்றும் நிகழ்வதில்லை.

அதே பாரிசில் 1813இல் இன்னொருவர் மேடையேறினார். கோவாவிலே, கண்டோலிம் என்ற ஊரிலே, 1756இல் பிறந்த பாரியா பாதிரியார். மேலைநாட்டு மருத்துவ வரலாற்றில் நம் நாட்டார் ஒருவர் இப்படித் தனி இடம் பெற்றிருப்பதை நம் பள்ளி நூல்கள் ஏனோ உரக்கச் சொல்வதில்லை. எதிரே அமர்ந்தவரைத் தம் உள்ளங்கையை உற்றுப் பார்க்கச் சொல்லி, "உறங்கு" என்று ஆணையிட்டு, ஒருவகை உறக்கத்தை அவர் உண்டாக்கினார். கூட்டம் அவரிடம் அபார சக்தி இருப்பதாக நம்பத் தயாராக இருந்தது. அவரோ, "என்னிடமிருந்து எதுவும் செல்லவில்லை, எல்லாம் உங்களிடமே நிகழ்கிறது" என்ற கொள்கையை வற்புறுத்தினார். ஒரு பாதிரியார் தம் கையிலே சக்தி இல்லை என்று அறிவிப்பது எவ்வளவு அரிய காட்சி! 1819இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார்.

பிறகு மான்செசுடர் நகரம். 1841 நவம்பரில் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், ஊர் ஊராகக் காந்த வித்தை காட்டி வந்த ஒருவருடைய காட்சியைக் காணச் சென்றார். ஏமாற்று என்று நிலைநாட்டத்தான் போனார். ஆனால், வித்தைக்கு ஆட்பட்டவனால் இமையைத் திறக்க முடியாமற் போனதைக் கண்டதும் யோசித்தார். வீட்டுக்கு வந்தார். நண்பர் ஒருவரை உட்கார வைத்து, ஒரு மதுப் புட்டியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். மூன்று நிமிடத்தில் கண்ணீர் வழிந்தது, இமை மூடியது, தலை சாய்ந்தது. அடுத்து மனைவியை அழைத்து, சர்க்கரைக் கிண்ணத்தின் பூவேலைப்பாட்டைப் பார்க்கச் சொன்னார். இரண்டரை நிமிடம்! வீட்டு வேலைக்காரரும் தப்பவில்லை. பின்னாளில் தம் கத்தி வைக்கும் சிறு பெட்டியையே நெற்றிக்கு மேலே, கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குல தூரத்தில் பிடித்துப் பயன்படுத்தினார். 1843இல் அவர் எழுதிய நூலிலிருந்துதான் இன்று நாம் அறிதுயில் என்று சொல்லும் துறைக்கு மேலைநாடுகளில் வழங்கும் பெயர் பரவியது. கண் தசை களைப்பதே காரணம் என்று முதலில் கருதிய அவர், 1847 அளவில், ஒரே எண்ணத்தில் மனம் முழுதும் தோய்ந்து போவதே அடிப்படை என்று தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். திருத்திக்கொள்ளக் கூச்சப்படவில்லை, அதனால்தான் அவர் பெயர் விஞ்ஞான வரலாற்றில் இருக்கிறது.

களிமண் ஒன்று, கை ஒன்று, மதுப் புட்டி ஒன்று, சர்க்கரைக் கிண்ணம் ஒன்று. பொருள் மாறுகிறது, விளைவு மாறவில்லை.

"ஆனால் ஒளி தெரிகிறதே! உருவத்தைச் சுற்றிச் சுடர் வட்டம் எழுகிறதே! அது புட்டியில் வருமா?" என்று கேட்பார் பக்தர். வரும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிவப்புத் தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் வெட்டி, வெள்ளைத் தாளின் நடுவே வையுங்கள். அதன் மையத்தை அரை நிமிடம் அசையாமல் நோக்குங்கள். ஓரத்திலே ஒளிக்கீற்று ஒன்று மின்னத் தொடங்கும். பிறகு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலமும் பச்சையும் கலந்த ஒரு வட்டம் அங்கே மிதக்கும். சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் களைத்த பகுதி சற்றே ஓய்வெடுக்க, மற்ற நிறங்களை உணரும் பகுதிகள் ஓங்கி நிற்பதால் நேர்வது இது. எந்தத் தெய்வம் அந்தச் சிவப்புத் தாளிலே இறங்கியது?

இன்னொன்று. 1804இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் திரொக்சுலர், ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைச் சுற்றியுள்ளவை மெல்ல மெல்ல மறைந்து போவதைக் கண்டு எழுதினார். நம் கண், நிலையாகப் பார்ப்பதாக நாம் நினைக்கும்போதும், நுண்ணிய அளவில் துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் துடிப்பையும் ஈடு செய்து, கண்ணோடு சேர்ந்து நகரும்படி ஓர் உருவத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று 1952இல் டிட்சுபர்ன், கின்சுபோர்க் என்ற இரு ஆய்வாளர் சோதித்தனர். சில நொடிகளில் அந்த உருவமே மறைந்தது! மாற்றம் இல்லாத செய்தியை மூளை தள்ளிவிடுகிறது. "உலகமே மறைந்தது, அவன் ஒருவனே நின்றான்" என்று உருகுகிறார்களே, அந்த உருக்கத்தில் பொய் இல்லை; மறைந்தது உண்மைதான். மறைத்தது மட்டும் அவர்கள் நினைக்கும் ஆள் அன்று.

(இங்கே ஓர் எச்சரிக்கை. சூரியனை உற்றுப் பார்ப்பதும் தியானமே என்று சொல்லிக்கொண்டு திரிவோர் உண்டு. விழித்திரை வெந்துபோனால் திரும்ப முளைக்காது. சோதனை ஆர்வமுள்ள இளைஞர்கள் தாளோடும் சுவரோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அமைதியை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பென்சன், வாலசு என்பாரோடு சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில், தியானம் செய்வோரின் மூச்சையும் குருதியையும் சோதித்தார். உடல் செலவழிக்கும் உயிர்வளியின் அளவு குறைவதைக் கண்டனர். அந்த மனிதர்கள் ஒரு சாமியாரிடம் தனித்தனியே மந்திரம் வாங்கியவர்கள். அந்த மந்திரத்தில்தான் மகிமையோ? பென்சன் அதை எடுத்துவிட்டு, "ஒன்று" என்ற சாதாரண எண்ணுப் பெயரைச் சொல்லச் சொன்னார். அப்போதும் அதே தளர்ச்சி! 1975இல் அவர் எழுதிய நூலில், வேண்டுவன நான்கே என்றார்: சந்தடியற்ற இடம், உடல் நோகாத இருக்கை, மனம் பற்றிக்கொள்ள ஒரு சொல்லோ கண் பற்றிக்கொள்ள ஒரு பொருளோ, "சரியாகச் செய்கிறேனா?" என்ற கவலையை விட்டுவிடும் மனநிலை. முழங்கால் நோவைப் பற்றிக் கவலைப்பட்ட அநுராதபுரத்துப் பிக்கு இதைக் கேட்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார்.

அதற்கும் ஒரு மறுப்பு எழுந்தது. 1984இல் ஓம்சு என்ற அமெரிக்க உளவியலார், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, தியானம் செய்தவர்களுக்கும், வெறுமனே நாற்காலியில் ஓய்வாக அமர்ந்திருந்தவர்களுக்கும் உடல் அமைதியில் வேறுபாடு காணோம் என்று எழுதினார். விவாதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வந்த பிறகு மேலும் நடக்கிறது. எந்தக் கட்சி வென்றாலும் நமக்கு இழப்பு இல்லை. நாற்காலியில் அமர்ந்து ஓய்வெடுக்க உழைப்பாளிக்கு ஒரு நாழிகை கிடைக்கிறதா என்ற கேள்வி மட்டும் இரண்டு கட்சியாலும் கேட்கப்படவில்லை.

இத்தனை வாயில்களைத் தட்டிவிட்டு, இப்போது நம் ஊர் வாயிலுக்கு வருவோம்.

மனம் குவிய உருவம் ஒரு கருவி என்று சொல்கிறவரிடம் கேட்கிறோம்: கருவி என்றால், அது வேண்டுகிறவன் கைக்கு எட்ட வேண்டாமா? ஏற்றம் வேண்டுகிறவனைக் கிணற்றருகே விடாமல், ஏற்றம் நீர் இறைக்கும் கருவி என்று உபதேசம் செய்வது என்ன நியாயம்? சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார் கதை நாம் அறிந்ததுதான். திருப்புன்கூருக்குப் போனார், தெருவிலே நின்றார், நந்தி மறைத்தது, நந்தி விலகியதாம்! கல் விலகியது, வாயிற்காவலன் விலகவில்லை. தில்லைக்குப் போனபோதோ, நெருப்பில் மூழ்கி எழுந்தால்தான் உள்ளே போகலாம் என்றாயிற்று. ஒரு மனிதன் ஓர் உருவத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு நெருப்பு! கண் பார்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, கண் குவிந்தால் கருத்துக் குவியும் என்று தத்துவம் பேசியது எந்த வாய்?

1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள்ளே போவதற்காகக்கூட அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களிலே நடப்பதற்காக. சக்கரத்தைப் பார்ப்பது எங்கே, சுற்றுச்சுவரைப் பார்ப்பதற்கே சிறை! பெரியார் இருமுறை சிறை சென்றது அந்தச் சுற்றுச்சுவரின் நிழலில் எல்லா மனிதரும் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கதவு மூடியிருந்த அந்தக் காலத்திலே, மூடிய கதவைத் தட்டாமல், வேறோர் இடத்தில் வேறொரு பொருளை வைத்தவர்களும் இருந்தனர். அவர்களெல்லாரும் ஆத்திகர்கள், நாம் அவர்கள் வழி நிற்பவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் எதை வைத்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வடலூரிலே 1872இல் இராமலிங்கர் சத்திய ஞான சபையைத் திறந்தார். உள்ளே உருவம் இல்லை, ஒரு விளக்கு. சாதி கேட்பதில்லை. அந்த விளக்குக்கு முன்னே ஏழு திரைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்களே என்பது நமக்குக் குறையாகத்தான் படுகிறது. புலால் உண்பவர் உள்ளே வரக்கூடாது என்ற நிபந்தனையும் அப்படியே. சாதிக் கதவைத் திறந்தவர், உணவுக் கதவு ஒன்றை மாட்டிவிட்டார். எனினும், மேட்டுக்குப்பத்தில் 1873ஆம் ஆண்டின் இறுதியில், தம் அறையிலிருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, அதையே நோக்கித் தியானியுங்கள் என்று கூறியபோது திரை எதுவும் இல்லை. எண்ணெயும் திரியும் போதும் என்றாயிற்று.

அவருக்கும் முன்னரே, தென் திருவிதாங்கூரிலே, சுவாமித்தோப்பிலே, வைகுண்டர் இருந்தார். 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர். தோளிலே துணி போடக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றியவர். அவர் வழியினரின் நிழல் தாங்கல்களில் சிலை இல்லை. ஒரு கண்ணாடி இருக்கிறது. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னே நிற்கின்றனர். எந்தத் தலையில் துணி ஏறக்கூடாது என்று அரசு ஆணையிட்டதோ, அந்தத் தலை துணி கட்டி நிமிர்ந்து நிற்பதை அந்தக் கண்ணே பார்க்கிறது. வழிபாடு என்பதை விட்டுவிடுங்கள். அந்தக் காட்சியை மட்டும் எண்ணிப் பாருங்கள்!

நாராயண குரு 1888இல் அருவிப்புரத்தில் கல்லொன்றை நட்டுத் தொடங்கியவர். நாட்கள் செல்லச் செல்ல, கல்லிலிருந்து விளக்குக்கும், விளக்கிலிருந்து கண்ணாடிக்கும் நடந்தார். 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் அவர் நிறுவியது கண்ணாடி. பார்க்க வந்தவன் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடும் ஆணை 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியாயிற்று. அப்போது வைகுண்டர் மறைந்து 85 ஆண்டுகளும், களவங்கோட்டில் கண்ணாடி மாட்டி ஒன்பது ஆண்டுகளும் ஆகியிருந்தன.